கொரோனாவுக்கு ஆர்என்ஏ குறுக்கீடா, மாத்திரையா, ஆன்டிபாடியா?

2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானது. கிட்டத்தட்ட 30,000 எழுத்துகள். அந்த வரிசை கிடைத்தாலே போதும், மருந்தை எழுதிவிடலாம் என்று சொல்லக்கூடிய தொழில்நுட்பம் ஒன்று அப்போதே கையில் இருந்தது. அதுதான் ஆர்என்ஏ குறுக்கீடு: வைரஸின் வரிசைக்குப் பொருந்தும் ஒரு குட்டி ஆர்என்ஏ துண்டை (குறு ஆர்என்ஏ) செல்லுக்குள் அனுப்பி, வைரஸின் ஆர்என்ஏவை வெட்டவைக்கும் முறை. அமெரிக்காவின் அல்நைலம், விர் நிறுவனங்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான குறு ஆர்என்ஏக்களைச் சலித்து, மே மாதத் தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டன. ஃபைசர் நிறுவனம் நிர்மட்ரெல்விர் என்ற மூலக்கூறை முதன்முதலாகத் தயாரித்ததே அந்த வருடம் ஜூலையில்தான்.

ஆனால் முந்தியது மாத்திரை. நிர்மட்ரெல்விரும் ரிடோனவிரும் சேர்ந்த பாக்ஸ்லோவிட்டுக்கு 2021 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. அல்நைலம்-விர் மருந்து மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தையே எட்டாமல் கைவிடப்பட்டது. முதலில் ஓடத் தொடங்கியது ஏன் பின்தங்கியது? இந்த அலசலின் மையக் கேள்வி இதுதான். என் கணிப்பில், வைரஸை வெட்டும் திறமையில் ஆர்என்ஏ குறுக்கீட்டுக்குக் குறை இல்லை. நுரையீரலுக்குள் போய்ச் சேருவதிலும், சரியான நாளில் போய்ச் சேருவதிலும்தான் அது தோற்றது.

வேலை செய்யும் விதம்

செடிகளும் பூச்சிகளும் காலங்காலமாக வைரஸை எதிர்க்கப் பயன்படுத்தும் வழி இது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு சிறு புழுவில் இதை விளக்கினார்கள். 2006இல் நோபல் பரிசு பெற்றார்கள். சுமார் 21 எழுத்து நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏ ஒன்று செல்லுக்குள் போகிறது. ஆர்கோனாட் என்ற புரதம் அதில் ஒரு இழையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பொருத்தமான வரிசை எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கண்டுபிடித்ததும் வெட்டிவிடுகிறது.

கொரோனா வைரஸின் மரபணுவே ஆர்என்ஏதான். அது பெருகுவதும் செல்லின் கருவுக்கு வெளியே. ஆகவே இலக்கு வெட்டவெளியில் கிடக்கிறது என்று நினைக்கத் தோன்றும். முழுக்க அப்படி இல்லை. இந்த வைரஸ் செல்லுக்குள் இரட்டைச் சவ்வுப் பைகளைக் கட்டிக்கொண்டு அவற்றுக்குள்தான் தன் ஆர்என்ஏவை நகலெடுக்கிறது. வெட்டும் புரதம் அதற்குள் நுழைவது கடினம். செல்லுக்குள் புதிதாக நுழையும் வைரஸ் ஆர்என்ஏவும், பையிலிருந்து வெளியே வரும் ஆர்என்ஏவும்தான் சிக்கும். வைரஸ் பையைக் கட்டிமுடிக்கும் முன்பே மருந்து காத்திருந்தால் நல்லது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: நிர்மட்ரெல்விர் வைரஸின் புரோட்டியேஸ் என்ற கத்தரியை அடைக்கிறது. ரெம்டெசிவிர் நகலெடுக்கும் எந்திரத்தை நிறுத்துகிறது. மோல்னுபிராவிர் நகலில் பிழைகளைத் திணிக்கிறது. ஆய்வகத்தில் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதமான மோனோகுளோனல் ஆன்டிபாடி, வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அதன் கூர்முனைப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது.

வைரஸ் உருமாறினால்?

இங்கே மோசமாக அடிபட்டது ஆன்டிபாடிதான். பெப்டெலோவிமாப் என்ற மருந்து 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. ஒமிக்ரானின் புதிய கிளைகளிடம் பலிக்காததால் அதே வருடம் நவம்பர் கடைசியில் அனுமதி போய்விட்டது. முழுதாக ஒரு வருடம்கூட நிற்கவில்லை. அதற்கு முன் வந்தவற்றுக்கும் ஏறக்குறைய அதே கதி. கூர்முனைப் புரதம் நம் நோயெதிர்ப்பாற்றலின் அழுத்தத்தில் ஓயாமல் மாறுகிறது.

குறு ஆர்என்ஏவை வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பகுதிக்குக் குறிவைக்கலாம். தைவான் குழு ஒன்று நகலெடுக்கும் எந்திரத்தின் மரபணுவைக் குறிவைத்து உருவாக்கிய சி6ஜி25எஸ், அதுவரை தெரிந்த வேரியன்ட்களில் 99.8 சதவீதத்துக்குப் பொருந்தும் என்று 2022இல் அறிவித்தது. ஆனால் குறிவைத்த 21 எழுத்துகளில், முக்கியமான இடத்தில் ஒன்று மாறினாலே வெட்டு தளர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு மூன்று குறு ஆர்என்ஏக்களைக் கலந்து கொடுக்கும் யோசனை திரும்பத் திரும்ப வருகிறது.

நியாயமாகச் சொன்னால், இந்தப் பந்தயத்தில் மாத்திரையும் பின்தங்கவில்லை. புரோட்டியேஸும் பெரிதாக மாறாத பகுதிதான். நிர்மட்ரெல்விர் ஆய்வகத்தில் பழைய சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களையும் அடக்குகிறது. உருமாற்றத்தைத் தாங்குவது தன் தனிப்பெருமை என்று ஆர்என்ஏ குறுக்கீடு சொல்லிக்கொள்ள முடியாது. அதன் தனிப்பெருமை வேகம். புது வைரஸின் வரிசை கிடைத்த சில நாட்களில் மருந்தாகக்கூடிய குறு ஆர்என்ஏக்களைக் கணினியில் வடிகட்டிவிடலாம். புரோட்டியேஸ் மாத்திரை அவ்வளவு சீக்கிரம் வந்ததற்குக்கூட, 2003இல் சார்ஸ் சமயத்தில் ஃபைசர் செய்துவைத்த வேலை தயாராக இருந்ததுதான் காரணம்.

போய்ச் சேரும் வழி

ஆர்என்ஏ குறுக்கீடு மருந்தாக ஜெயித்த இடமெல்லாம் கல்லீரல். 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் கொழுப்புத் துகளில் ஏறிக் கல்லீரலுக்குப் போனது. அடுத்து வந்தவற்றில் குறு ஆர்என்ஏவின் வாலில் கேல்நாக் என்ற சர்க்கரையைக் கட்டிவிட்டார்கள். கல்லீரல் செல்களின் மேல் அந்தச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் ஏராளம். கொலஸ்ட்ராலுக்கான இன்க்ளிசிரான், தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியே போதும் என்ற நிலைக்கு வந்தது இப்படித்தான். முகவரி எழுதிய தபால் மாதிரி நேராகப் போய்விடும்.

நுரையீரலுக்கு அப்படி ஒரு கைதேர்ந்த முகவரி இன்னும் அமையவில்லை. மூக்கு வழியாகவோ நெபுலைசர் வழியாகவோ கொடுத்தால் முதலில் சளிப்படலம், அப்புறம் காற்றறைகளில் வந்ததையெல்லாம் விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள். இவற்றைத் தாண்டி நுரையீரலின் உட்பரப்பிலுள்ள எபிதீலிய செல்லின் மேல் ஒட்டினாலும், உள்ளே போனதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து வருவதைச் செல் அடைத்துவைக்கும் எண்டோசோம் பையிலேயே மாட்டிக்கொள்ளும். சளி நிறைந்து வீங்கிய நுரையீரலில் இது இன்னும் மோசம். ஆரோஹெட் நிறுவனம் வேறொரு நுரையீரல் நோய்க்காக உள்ளிழுக்கும் குறு ஆர்என்ஏ ஒன்றைச் சோதித்தபோது, எலிகளின் நுரையீரலில் அழற்சி தெரிந்ததால் 2021இல் நிறுத்திவைத்தது. கொழுப்புச் சங்கிலி கட்டிய புதிய வகைகள் விலங்குகளின் நுரையீரல் செல்களுக்குள் நுழைகின்றன என்று அல்நைலம் 2022இல் காட்டியது நம்பிக்கை தருகிறது.

மாத்திரைக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. விழுங்கினால் ரத்தத்தில் கலக்கும். வேறு தலைவலி உண்டு: ரிடோனவிர் கல்லீரல் நொதியை முடக்குவதால் கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் போன்றவற்றின் அளவு ரத்தத்தில் எகிறிவிடும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

மனிதர்களிடம் என்ன கண்டார்கள்?

பாக்ஸ்லோவிட், தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் அறிகுறி தொடங்கிய மூன்று நாட்களுக்குள் கொடுத்தபோது மருத்துவமனைச் சேர்க்கையையும் மரணத்தையும் 89 சதவீதம் குறைத்தது. ரெம்டெசிவிர், ஏழு நாட்களுக்குள் தொடங்கி மூன்று நாள் ஏற்றியபோது 87 சதவீதம். மோல்னுபிராவிர் சுமார் 30 சதவீதத்தில் நின்றுவிட்டது.

ரெம்டெசிவிரின் கதையை நாம் மறக்கக் கூடாது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்தக் குப்பிக்காக ஜனங்கள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். படுக்கையில் ஏற்கனவே மூச்சுத்திணறிக் கொண்டிருந்தவர்களுக்காக. அந்தக் கட்டத்தில் பலன் மிகக் குறைவு என்பதால், மருத்துவமனையில் இருப்போருக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. மருந்து அதேதான், நாள்தான் வேறு. வைரஸை அடக்கும் எந்த மருந்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆர்என்ஏ குறுக்கீட்டுக்கு இன்னும் கறாராகப் பொருந்தும்.

அதன் தரப்பில் 2005இல் ரீசஸ் குரங்குகளுக்கு மூக்கு வழியே கொடுத்தபோது சார்ஸ் வைரஸ் குறைந்தது, நுரையீரல் சேதமும் குறைந்தது. கோவிட்டுக்கு ரஷ்யா மிர்-19 என்ற உள்ளிழுக்கும் மருந்தை 2021 டிசம்பரில் பதிவுசெய்தது. அதன் இரண்டாம் கட்டச் சோதனையில் நோயாளிகள் தேறும் இடைநிலைக் காலம் 8 நாட்களிலிருந்து 6 நாட்களாகக் குறைந்தது. யாருக்கு எந்த மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்த திறந்தநிலைச் சோதனை அது. அந்த இரண்டு நாட்களை நான் நம்பிக்கையாக எடுத்துக்கொள்வேன், ஆதாரமாக அல்ல. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: வேதிமாற்றம் செய்யாத குறு ஆர்என்ஏ, உடலின் பொதுவான வைரஸ் எதிர்ப்பு அலாரத்தைத் தட்டிவிட்டே வைரஸைக் குறைத்துக் காட்டலாம். பழைய ஃப்ளூ ஆய்வுகளில் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது ஆர்எஸ்வி என்ற சுவாசத் தொற்று வைரஸ் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வு. ஆரோக்கியமானவர்களின் மூக்கில் வைரஸைச் செலுத்துவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே குறு ஆர்என்ஏவைத் தெளித்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. மருந்து பெற்றவர்களில் 44 சதவீதம். ஆனால் ஏற்கனவே தொற்றிய நுரையீரல் மாற்று நோயாளிகளிடம் அதே மருந்தைச் சோதித்தபோது முதன்மை இலக்கை எட்டவில்லை. முன்கூட்டியே காத்திருந்தால் பலன், தாமதமானால் சந்தேகம். சவ்வுப் பைகளைப் பற்றிச் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

சரி, யாருக்கு எது? இன்று கோவிட் உறுதியான, சர்க்கரை நோயுள்ள 70 வயதுக்காரருக்கு ஐந்து நாட்களுக்குள் பாக்ஸ்லோவிட். மற்ற மாத்திரைகளோடு மோதினால் மூன்று நாள் ரெம்டெசிவிர். தடுப்பூசி பலிக்காத அளவு எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு, அப்போதைய வேரியன்டிடம் வேலை செய்யும் ஆன்டிபாடி இருந்தால் முன்தடுப்பாக அது. இந்த மூன்று இடங்களிலும் ஆர்என்ஏ குறுக்கீட்டை இன்று நான் எழுதித் தரமாட்டேன்.

அதன் இடம் அடுத்த கொரோனா வைரஸின் முதல் மாதங்கள்: தடுப்பூசியும் மாத்திரையும் வரும் முன், நோயாளியைக் கவனிக்கும் செவிலியரும் வீட்டாரும் தினமும் மூக்கில் தெளித்துக்கொள்ளும் ஸ்பிரே. அதற்கான கொண்டுசேர்க்கும் முறையை அந்த நாளில் உட்கார்ந்து தேட முடியாது. சாதாரண ஜலதோஷம் தரும் 229இ கொரோனா வைரஸைத் தன்னார்வலர்களுக்குச் செலுத்திச் செய்யும் ஆய்வுகள் 1960களிலிருந்தே நடந்திருக்கின்றன. ஆர்எஸ்வியில் செய்த அதே சோதனையை, அதே முன்கூட்டிய தெளிப்போடு, இந்த வைரஸில் இப்போதே செய்து பார்க்கலாம்.