ஏப்ரலில் மனாலி வழியாக லடாக் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

1,68,000 ரூபாய். நாலு பேருக்கு, ஆளுக்கு 42,000. திருப்பூரில் டூர் ஏற்பாடு செய்து தரும் ஒரு கடையில் லடாக் போகக் கட்டினோம். லடாக்கைப் பார்க்காமலே திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. மே லீவுக்கு இதே மாதிரி கடைகளில் இப்போது எத்தனையோ பேர் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த மாதம் போனால் நல்லது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் வீட்டுக்குப் பின்னால் பவர் டேபிள் போட்டு பனியன் தைத்துக் கொடுப்பவள். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை. பையன் இந்த வருடம் பிளஸ் டூ எழுதினான். பத்தாவது படிக்கும்போதே பாங்கோங் ஏரி படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தவன். பரீட்சை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சீட்டு எடுத்த பணம் 1,20,000 இருந்தது. மீதிக்கு யோசித்தபோது, அத்தை தானும் வருவதாகச் சொல்லி 48,000 கொடுத்தார்கள். இரண்டு எருமைகளை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசு. பழனி, திருப்பதி தவிர வேறு எங்கும் போகாதவர்கள். பனியைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

கேட்க வேண்டியதை நான் கேட்காமல் இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "ஏப்ரல்ல அங்க ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்கும்னு சொல்றாங்களே, போக முடியுங்களா?" என்று நேராகவே கேட்டேன். அந்தக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அது பழைய கதைங்கக்கா. அடல் டனல் வந்ததுக்கப்புறம் பன்னண்டு மாசமும் ரோடு ஓப்பன்தானுங்க. ஜூன்ல போனா கூட்டம், ரேட்டும் டபுள். ஏப்ரல்தான் பெஸ்ட் சீசன். பனியும் பாக்கலாம், நீலத் தண்ணியும் பாக்கலாம்" என்றார். போனில் அந்தச் சுரங்கத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். கண்ணால் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

அப்புறம் அத்தையிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். வெள்ளகோவில் பக்கம் என்றதும், "அட, நம்ம காங்கயம் பக்கந்தானுங்க நானு" என்று எழுந்து நின்று கும்பிட்டார். அவர்களுக்கு அறுபத்து நாலு வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுங்க, நம்ம ஆத்தாவ நான் பாத்துக்க மாட்டனுங்களா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தை மஞ்சப் பையிலிருந்து 48,000 ரூபாயை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். 1,20,000 போனில் அனுப்பினோம். ரொக்கத்துக்குச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

கோவையிலிருந்து டெல்லிக்கு விமான டிக்கெட் எங்கள் செலவு. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மனாலி போனோம். இரண்டு நாள் குறையொன்றும் இல்லை. மூன்றாம் நாள் மனாலியிலிருந்து கிளம்பி சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கி, மறுநாள் லடாக்கின் முக்கிய ஊரான லே போய்ச் சேர்வது என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் திட்டம் அனுப்பியிருந்தார். காலையில் வண்டி வந்தது. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வெள்ளை மலை. சிஸ்ஸுவில் நிறுத்தி அத்தை பனியை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார்கள். கேலாங் வந்தது. அங்கே டிரைவர் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பையன் அரைகுறை இந்தியில், "லே, லே" என்று கையைக் காட்டினான். டிரைவர் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தன் போனை எடுத்து, அவருக்கு வந்திருந்த புக்கிங்கைக் காட்டினார். சிஸ்ஸு, கேலாங், ஒரு நாள் சுற்று, மாலையில் மனாலி திரும்ப வேண்டும். அவ்வளவுதான். சர்ச்சு இல்லை. லே இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் தார்ச்சா என்ற இடத்தில் போலீஸ் தடுப்பு இருக்கிறது, லே போகும் வண்டியை அதற்கு மேல் விடமாட்டார்கள், ரோடு திறக்க மே கடைசி ஆகலாம், ஜூனும் ஆகலாம் என்றார். திட்டத்தில் போட்டிருந்த லே ஹோட்டலுக்குப் பையன் அங்கிருந்தே போன் செய்தான். எங்கள் பெயரில் அறை எதுவும் போடவில்லை.

அதாவது ரோடு மூடிப் போனதால் பயணம் கெடவில்லை. 1,68,000 ரூபாயை வாங்கும்போதே எங்களை லேவுக்கு அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை.

அந்த டிரைவர் லாஹூல்காரர், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதி அது. விரலை மடக்கி மடக்கி அவர் விளக்கியதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 அக்டோபரில் திறந்த அந்தச் சுரங்கம் ரோதங் என்ற ஒரு கணவாயைத்தான் தவிர்க்கிறது. மனாலியிலிருந்து லாஹூலுக்குக் குளிர்காலத்திலும் போய்வர உதவுகிறது, அது உண்மை. ஆனால் லே வரைக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் இன்னும் நாலு கணவாய்கள் (அங்கே கணவாயை லா என்பார்கள்): பாரலாச்சா லா 16,000 அடி, அப்புறம் நக்கீ லா, லாச்சுங் லா, கடைசியில் தங்லங் லா 17,000 அடிக்கு மேல். இவை எல்லாவற்றையும் ரோட்டிலேயே ஏறித்தான் கடக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க விழுந்த பனியை எல்லைச் சாலை அமைப்பு இயந்திரம் வைத்து வெட்டி எடுத்தால்தான் வழி. நம் ஊட்டியே 7,350 அடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். சர்ச்சு சுமார் 14,000 அடி. பிரஷர் உள்ள அறுபத்து நாலு வயது மனுஷியை முதல் ராத்திரியே அங்கே படுக்க வைப்பதாகத் திட்டம் எழுதியிருக்கிறார். படித்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கேலாங்கிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன். "திடீர்னு பனி விழுந்திருச்சுங்கக்கா, இயற்கைக்கு முன்னாடி நாம என்ன பண்ண முடியும்?" என்றார். டிரைவரின் புக்கிங்கைப் பற்றிக் கேட்டதும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். மீதி நாளெல்லாம் மனாலி ஹோட்டல் அறையில் கிடந்தோம். ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் மீட்டிங், ஒரு நாள் மனாலி பார்ட்டியிடம் பேச வேண்டும், ஒரு நாள் ஆடிட்டர் வரவில்லை. அப்புறம் என் மெசேஜுக்கு நீல டிக் விழுவதும் நின்றுபோனது. கடைக்கே போனேன். வரவேற்பில் இருக்கும் பெண் டீ கொடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தாள். கடைசியில் வெளியே வந்தவர், "லடாக் போகலைன்னாலும் மனாலி பாத்தீங்கல்லங்க்கா? அடுத்த வருசம் வாங்க, பத்தாயிரம் கொறச்சுக்கலாம்" என்றார். 1,68,000 ரூபாய் கொடுத்தவளிடம் சொல்கிறார்! வீட்டில் அத்தை, "போச்சாது உடு கண்ணு, பனியப் பாத்துட்டனல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்த 48,000 எத்தனை விடியற்காலைப் பால் என்பது எனக்குத் தெரியும்.

சரி, சொன்ன மாதிரி மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மனாலி வழியாக என்றால் ஜூன் பாதிக்கு மேல், செப்டம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் லடாக்கில் மழை குறைவு, ஆனால் இமாச்சலப் பக்கம் மண்சரிவு அதிகம். 2023 ஜூலையில் குலு மனாலியில் வெள்ளம் வந்து ரோடே அடித்துக்கொண்டு போனது. என்னைக் கேட்டால் செப்டம்பர். பள்ளி லீவை நம்பி ஏப்ரல், மேயில்தான் போக முடியும் என்றால் டெல்லியிலிருந்து லேவுக்கு விமானம் இருக்கிறது. ஸ்ரீநகர் வழி ரோடும் மனாலி வழியைவிட முன்னாலேயே திறக்கும். விமானத்தில் போய் இறங்கினால் நேராக 11,500 அடி, இரண்டு நாள் எங்கும் போகாமல் ஓய்வு எடுங்கள். பெரியவர்கள் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். பாங்கோங் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரி. ஏப்ரலில் நீலத் தண்ணீர் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பணம் கட்டும் முன் லாஹூல் ஸ்பிதி போலீஸ் போடும் ரோடு நிலவரத்தைப் பாருங்கள். தங்கும் ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். ரொக்கம் வேண்டாம். பில்லை விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் நேற்றே 1915இல் பதிந்துவிட்டேன். கையால் எழுதிய சீட்டு, வாட்ஸ்அப் திட்டம், டிரைவரின் புக்கிங்கைப் பையன் எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போகிறேன். அதே ஏப்ரல் திட்டத்துக்குப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.