அடைப்புக்குறிக்குள் ஒரு பொய்: பைத்தான் வென்வோடு ஆறு ஆண்டுகள்

பழுதுபார்க்கப் போன என் மடிக்கணினி, போன வாரம் புதிய எஸ்எஸ்டியோடு வீடு திரும்பியது. கடைக்காரர் உபுண்டு 24.04 இயங்குதளத்தையும் நிறுவிக் கொடுத்திருந்தார். பயனர் பெயராகத் தன் கடைப் பெயரையே போட்டுவிட்டிருந்தார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டேன். அந்த அலட்சியத்துக்கு இரண்டு இரவுகள் பலியாயின.

வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்திருந்த புராஜெக்ட் ஃபோல்டர்களை அப்படியே கொண்டுவந்து போட்டேன். அண்ணன் கடையின் சரக்கு இருப்பைப் பார்க்கும் சின்ன நிரலும் அவற்றில் ஒன்று. வென்வ் என்பது ஒரு புராஜெக்ட்டுக்குத் தேவையான பைத்தான் தொகுப்புகளை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக வைத்திருக்கும் ஃபோல்டர். வழக்கம்போல அதை ஆக்டிவேட் செய்தேன். டெர்மினல் வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள், வென்வின் பெயர் வந்து நின்றது. நிரலை ஓட்டினால், அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற மாட்யூலே இல்லை என்கிறது. சரி, மறுபடி நிறுவலாம் என்று, பைத்தான் தொகுப்புகளை நிறுவித் தரும் பிப்பை அழைத்தேன். பிப்பும் இல்லை என்றது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து பிப்பை இறக்கிக்கொண்டு மீண்டும் அழைத்தேன். இந்த முறை நீளமான உபதேசம் கிடைத்தது: இந்தப் பைத்தான் சிஸ்டத்துக்கு உரியது, இதில் கைவைக்கக் கூடாது, தனியாக ஒரு வென்வ் உருவாக்கிக்கொள்ளவும்.

வென்வுக்குள் நின்று கேட்கிறவனிடம், போய் வென்வ் உருவாக்கு என்கிறது! திரையில் அதன் பெயர் இன்னும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

அந்த உபதேசத்தைக் குறை சொல்ல மாட்டேன். சிஸ்டத்தின் பைத்தானில் கண்டதையும் நிறுவி உபுண்டுவையே முடக்கியவர்கள் உண்டு. அதனால்தான் 2023-இல் பிப் 23.0 வந்ததிலிருந்து இந்தத் தடை இருக்கிறது. தடையை மீறுவதற்கான சொல்லுக்கே 'சிஸ்டம் தொகுப்புகளை உடை' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். படித்ததும் கை தானாக நின்றுவிடும். நல்ல பெயர்.

என் கோபம் அந்த அடைப்புக்குறி மீதுதான். இரண்டாம் நாள் இரவு, வேறு வழியில்லாமல் ஆக்டிவேட் ஸ்கிரிப்டைத் திறந்து படித்தேன். வென்வ் உருவான அன்று அது இருந்த முழு முகவரியும், என் பழைய பயனர் பெயரோடு, உள்ளே எழுதப்பட்டிருந்தது. இப்போது அந்த முகவரியில் எதுவும் இல்லை. ஸ்கிரிப்ட் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியலின் முன்னால் அந்த இல்லாத ஃபோல்டரைச் சேர்த்தது, பெயர்ப்பலகையை மாட்டியது, போய்விட்டது. டெர்மினலில் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் அங்கே தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காததால் சத்தமில்லாமல் சிஸ்டத்தின் பைத்தானை எடுத்துக்கொண்டது. கடையைக் காலி செய்துவிட்டுப் பலகையை மட்டும் விட்டுப்போயிருக்கிறார்கள். நான் அந்த வாசலில் நின்று இரண்டு இரவுகள் சரக்கு கேட்டிருக்கிறேன்.

வென்வை இடம் மாற்றக் கூடாது, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும் என்று பைத்தானின் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. ஒப்புக்கொள்கிறேன், தவறு என்னுடையது. ஆனால், ஃபோல்டர் இருக்கிறதா என்று ஒரே ஒரு வரியில் சோதித்துவிட்டுப் பலகையை மாட்டினால் என்ன குறைந்துவிடும்? பைத்தான் 3.3 வெளிவந்த 2012-இலிருந்து வென்வ் பைத்தானோடு கூடவே வருகிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த ஒரு வரிக்கு நேரம் கிடைக்கவில்லையா?

மாட்யூல் இல்லை என்ற பிழைச் செய்தியும் இதற்குச் சளைத்ததல்ல. எது இல்லை என்று சொல்லும், எந்தப் பைத்தான் தேடியது என்று சொல்லாது. என் கணினியில் டெர்மினல் ஒரு பைத்தானையும் எடிட்டர் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டிலும் வந்தது அதே வாக்கியம். இந்த இடத்தில்தான் எதிர்பாராத ஒரு மகிழ்ச்சி. 'சிஸ்' மாட்யூலில் 'எக்ஸிக்யூட்டபிள்' என்று ஒன்று இருக்கிறது. அதை அச்சிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழு முகவரியும் வந்துவிடும். ஆறு ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தாமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அடைப்புக்குறி ஏமாற்றும், இது ஏமாற்றாது. இப்போது பிப்பையும் நேராக அழைப்பதில்லை; 'மைனஸ் எம்' போட்டுப் பைத்தான் வழியாகவே அழைக்கிறேன். எந்தப் பைத்தானுக்கு நிறுவுகிறோம் என்ற குழப்பமே இல்லை.

பிறகு பழையதை அழித்துப் புதிய வென்வ் உருவாக்கினேன். உபுண்டுவில் அதற்கே ஒரு தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும் என்பது இடையில் வந்த சின்னத் தலைவலி. தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில், எண் கணக்கீட்டுத் தொகுப்பான நம்பையை 1.21 என்று எழுதி வைத்திருந்தேன். புதிய சிஸ்டத்தில் இருப்பதோ பைத்தான் 3.12, அதை ஏற்கும் நம்பை 1.26-இல்தான் தொடங்குகிறது. எண்ணை மாற்றினேன், பாண்டாஸையும் கூடவே உயர்த்தினேன், நிரல் ஓடியது. சிக்கல் எங்கே என்று தெரிந்த பிறகு எல்லாமாகச் சேர்த்து அரை மணி நேர வேலை.

நியாயமாகச் சொன்னால், இந்த ஆறு ஆண்டுகளில் என் இரண்டு புராஜெக்ட்டுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டதே இல்லை. வேண்டாம் என்றால் ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும், ஒட்டோ உறவோ மிஞ்சாது. காசும் இல்லை. அக்கா மகன் கல்லூரி புராஜெக்ட்டுக்கு வென்வ் தேவையா என்று கேட்டான். கட்டாயம் தேவை என்றேன். வென்வுக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுப்பீர்கள் என்றும் கேட்டான். ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.

பயனர் பெயரையும் ஹோம் ஃபோல்டரின் பெயரையும் என் பெயருக்கு மாற்றித் தரட்டுமா என்று கடைக்காரர் நேற்று ஃபோனில் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் அவர் கடைப் பெயர்தான் என்னை வரவேற்கிறது.