விண்டோஸும் உபுண்டுவும் ஒரே பெட்டியில்: கனகாலப் பாவனைக்குப் பிறகு

என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டொப் ஒன்று. அதில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை சிஸ்டம்) இரண்டும் இருக்கின்றன. விண்டோஸைக் கைவிட முடியாததற்குக் காரணம் பாமினி. எனக்கு வரும் வினாத்தாளும் கோயில் நோட்டீஸும் இன்னும் பாமினி எழுத்துருவில், பக்க வடிவமைப்புக்கான பழைய பேஜ்மேக்கர் கோப்பாகத்தான் வருகின்றன. மற்ற எல்லா அலுவலும் உபுண்டுவில்.

இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். ஆனால் ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். பூட் ஆகவில்லை, அதாவது சிஸ்டம் திறக்கவில்லை என்றவுடன் ஃபோர்மட் செய்ய ஓடவும் வேண்டாம். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு சிஸ்டமும் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் போகிற வழிதான் தவறியிருந்தது.

அடிக்கடி வருவது இதுதான். விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றை முடித்து ரீஸ்டார்ட் ஆகும், எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் க்ரப் மெனு வராது, நேரே விண்டோஸ் திறக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறான். ஒருநாள் லப்டொப்போடு வந்து, "அண்ணா, லினக்ஸைக் காணேல்ல. ஃபோர்மட் அடிக்கவோ?" என்றான். "பொறு தம்பி, முதல்ல எஃப்12 அமத்திப் பார்" என்றேன். அதை அமத்தினால் வரும் மதர்போர்டின் பூட் மெனுவில் உபுண்டு இருந்தது. தெரிவு செய்தான், திறந்தது.

யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை உள்ள கணினிகளில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒரு பகுதி இருக்கும். வழக்கமாக 100 எம்பிதான், ஃபாட்32 வடிவம். விண்டோஸின் பூட் கோப்பும் உபுண்டுவின் பூட் கோப்பும் அதற்குள் தனித்தனி ஃபோல்டர்களில் கிடக்கும். எதை முதலில் திறப்பது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில். அப்டேட்டுக்குப் பிறகு மாறுவது பெரும்பாலும் அந்த வரிசை. பயோஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய் உபுண்டுவை மேலே தூக்கிவிட்டால் சரி. லினக்ஸுக்குள் இருந்தபடியே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையாலும் மாற்றலாம். எஃப்12 எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. சிலதில் எஃப்11, சிலதில் எஃப்9, சிலதில் எஸ்கேப்.

அந்தப் பூட் மெனுவில் உபுண்டுவின் பெயரே இல்லையென்றால் லைவ் பென்டிரைவ், அதாவது நிறுவாமலே உபுண்டுவைத் திறக்கும் பென்டிரைவ் வேண்டும். அதைத் தெரிவு செய்யும்போது, பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும் வரியையே எடுங்கள். பழைய முறையில் பூட் செய்துவிட்டு க்ரப்பை நிறுவினால் மணிக்கணக்கில் மண்டை காயும், பலன் இராது. பூட் ரிப்பேர் என்ற கருவி பெரும்பாலும் இதைத் தானாகவே செய்துவிடும். அதை இறக்க இணையம் தேவை, போன் ஹொட்ஸ்பொட் போதும்.

அடுத்தது கரண்ட். 2022 மின்வெட்டுக் காலத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். மின்சாரம் இல்லாதபோது மதர்போர்டின் மணிக்கூட்டை ஓட வைப்பது சிஆர் 2032 என்ற காசு பெட்டரி. அது களைத்துப்போன பழைய பெட்டிகளில் திகதி பின்னுக்குப் போகும், சில மதர்போர்டுகளில் பயோஸ் அமைப்பும் தொடக்க நிலைக்குத் திரும்பும். என்னுடையது அந்த இரகம். உபுண்டு வழமைபோலத் திறந்தது, விண்டோஸ் மட்டும் நீலத்திரை காட்டி விழுந்தது. டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் சாட்டா முறை, பயோஸில் ஏஎச்சிஐயிலிருந்து ரெயிட் ஆகியிருந்தது. திருப்பி மாற்றியதும் விண்டோஸ் எழும்பியது. பெட்டரியையும் மாற்றினேன், அந்தத் தொல்லை பிறகு வரவில்லை. பயோஸ் அமைப்பைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பது எவ்வளவு உதவி என்று அன்றுதான் தெரிந்தது.

சின்னச் சின்னவையும் உண்டு. க்ரப் மெனுவில் விண்டோஸ் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். 2021 இல் வந்த க்ரப் 2.06 இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. க்ரப் அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்து, அப்டேட் க்ரப் கட்டளையைக் கொடுத்தால் வந்துவிடும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத விடாது. விண்டோஸ் மணிக்கூடு சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டினால் அதுவும் பழுதல்ல. லினக்ஸ் மதர்போர்டில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரமாக வாசிக்கிறது.

நம்பகமான கையொப்பம் உள்ள பூட் கோப்பை மட்டும் திறக்க விடும் செக்யூர் பூட் வேறு கதை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் லினக்ஸ் "எஸ்பாட்" பிழை காட்டி நின்றது. மைக்ரோசொஃப்டே அதை ஒப்புக்கொண்டது. செக்யூர் பூட்டை நிறுத்தி, உபுண்டுவுக்குள் போய், மொக்யூட்டில் கட்டளையால் எஸ்பாட் கொள்கையை (பழைய பூட் கோப்புகளைத் தடுக்கும் விதியை) அழித்துவிட்டு, திரும்ப இயக்குவதுதான் வழி. என் பெட்டியில் செக்யூர் பூட் முன்பே நிறுத்தியிருந்ததால் தப்பியது. ஆனால் டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் உள்ள லப்டொப்பில் செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் அந்த டிரைவில் உள்ளதை எவராலும் திறந்து தர முடியாது.

இப்போது இரண்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். உபுண்டுவை நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைத்தேன், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன். ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இல்லாததால் 11க்கும் முறையாகப் போக முடியாது. அதனால் விண்டோஸ் பக்கத்துக்கு இணையம் கொடுப்பதில்லை, பேஜ்மேக்கருக்கு அது தேவையும் இல்லை. அப்டேட் வராததால் பூட் வரிசை கலைவதும் நின்றுவிட்டது.