சேலத்தில் ஓர் 'இம்யூனிட்டி பேக்கேஜ்': பரிசோதனை நன்று, மதிப்பெண் வீண்

சேலத்தில் ஐந்து ரோடு, நான்கு ரோடு, சாரதா கல்லூரி சாலைப் பகுதிகளில் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, 'உங்கள் நோய் எதிர்ப்பு சக்தி எவ்வளவு?' என்ற விளம்பரத்தோடு ஒரு தொகுப்பை 2,499 ரூபாய்க்கு விற்கிறது. ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, சி.ஆர்.பி., இம்யூனோகுளோபுலின் ஜி, இம்யூனோகுளோபுலின் ஈ, வைட்டமின் டி ஆகிய ஐந்து பரிசோதனைகளும், கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் அதில் அடங்கும். லீ பஜாரில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் எனக்கு, வரத்து மிகுந்த மாதங்களில் தும்மலும் சளியும் விட்டபாடில்லை என்பதால் இந்தத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். இதே போன்ற தொகுப்புகள் வேறு வேறு பெயர்களில் பல ஊர்களில் விற்கப்படுவதால், நிலையத்தின் பெயரைச் சொல்வதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

ரத்தம் எடுக்கும் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்த இளைஞர், புதிய ஊசியை என் கண்ணெதிரே பிரித்து, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் நிறைந்ததும் அதைக் குலுக்காமல், தலைகீழாகவும் நேராகவும் மெதுவாகப் பலமுறை கவிழ்த்துத் திருப்பினார். அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கும். அது சரியாகக் கலக்காவிட்டால் சிறு உறைவுகள் தோன்றி எண்ணிக்கையே தவறாகிவிடும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலையை அவர் விடாமல் செய்தார். ஏற்காட்டுக்கும் வந்து எடுப்பார்களாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அணுக்களின் எண்ணிக்கையை ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது என்பதால், மலையில் இருப்பவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மாதிரி எப்போது கீழே வந்து சேரும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிக்கை அன்று மாலையே வாட்ஸப்பில் வந்தது. அதில் உண்மையிலேயே பெறுமதியான பக்கம் முதல் பக்கம்தான். மொத்த வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 7,800 என்றிருந்தது. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு. அதற்குக் கீழே நியூட்ரோஃபில் 54, லிம்போசைட் 30, மோனோசைட் 6, ஈயோசினோஃபில் 9, பேசோஃபில் 1 என்று விழுக்காடுகள். ஐந்தும் ஐந்து வகை வேலைக்காரர்கள். காலில் முள் குத்தினால் ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு முதலில் அங்கே போய்ச் சேர்வது நியூட்ரோஃபில். அது பாக்டீரியாவை விழுங்கித் தனக்குள்ளேயே வேதிப்பொருள்களால் கொன்றுவிட்டுத் தானும் மடியும். புண்ணில் கட்டும் சீழின் பெரும்பகுதி இப்படி மடிந்த அணுக்கள்தாம். ரத்தத்தில் அவற்றின் ஆயுள் மிகக் குறைவு என்பதால், எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாக உண்டாக்குகிறது. உள்ளே நுழைந்த அந்நியப் பொருளை அணுக்கள் சூழ்ந்துகொள்வதை 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளம் உயிரிகளில் கண்டவர் எலி மெச்னிகாஃப். எதிர்ப்பு சக்தி பற்றிய ஆய்வுகளுக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அணுக்களின் எண்ணிக்கை பார்க்கும் இந்த முதல் பக்கப் பரிசோதனையைத் தனியாக எடுத்தால் முந்நூறு ரூபாய்க்கு மேல் போகாது.

என் அறிக்கையில் அளவு கூடியதாகச் சிவப்பு எழுத்தில் வந்தவை இரண்டே. ஈயோசினோஃபில் 9 விழுக்காடு, அதாவது மைக்ரோலிட்டருக்கு 702. ஐந்நூறைத் தாண்டினாலே அது கூடுதல் என்பார்கள். மற்றது இம்யூனோகுளோபுலின் ஈ; ஆன்டிபாடி எனப்படும், எதிரியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களில் அது ஒரு வகை. எனக்கு 640. பெரியவர்களுக்கு வழக்கமாக நூறை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டியது. இவை இரண்டும் சேர்ந்து கூடும்போது மருத்துவர்கள் முதலில் ஐயப்படுவது குடற்புழுவையும் ஒவ்வாமையையும்தான். புழு ஒரு வெள்ளணு விழுங்கக்கூடிய அளவில் இருப்பதில்லை; அதனால் ஈயோசினோஃபில்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. அதே ஏற்பாடு மஞ்சள் தூசியையோ மகரந்தத்தையோ எதிரியென்று எடுத்துக்கொண்டால், மூக்கின் உட்சுவரிலுள்ள மாஸ்ட் செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, தும்மலும் நீரொழுக்கும் தொடங்கும். எங்கள் குடும்ப மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, குடற்புழுவை நீக்கும் ஓர் அல்பெண்டசோல் மாத்திரையை எழுதிக்கொடுத்து, மூட்டை பிரிக்கும் நேரத்தில் முகக்கவசம் போடச் சொல்லி, சில வாரம் கழித்து இதே எண்ணிக்கையை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னார். ஆக, என் தொல்லைக்கு எதிர்ப்பு சக்தியின் குறைவு காரணமில்லை. வேண்டாத இடத்தில் அது காட்டும் மிகையான ஆர்வமே காரணம். இந்த ஒரு தகவலுக்காகத் தொகுப்பின் விலையில் ஒரு பகுதியை நான் மன்னிக்கிறேன்.

இம்யூனோகுளோபுலின் ஜி என்ற மூன்றாம் பக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ரத்தத்திலுள்ள ஆன்டிபாடிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வகைதான். எனக்கு இயல்பான அளவில் இருந்தது. ஆனால் அந்த மொத்த அளவைப் பார்த்து எந்தக் கிருமிக்கு எதிராக எனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல இயலாது. மண்டியில் மூட்டைகளை எண்ணிவிட்டு, உள்ளே இருப்பது விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா என்று பிரித்துப் பார்க்காமலே விலை சொல்வதைப் போன்றது அது. ஒவ்வொரு பி லிம்போசைட்டும் ஒரே ஒரு வடிவத்தை அடையாளம் காணும் ஆன்டிபாடியைத்தான் தயாரிக்கும். குறைந்த எண்ணிக்கையிலான மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி மாற்றி அடுக்குவதன் மூலம் உடல் எப்படிக் கணக்கற்ற வடிவங்களை உண்டாக்குகிறது என்பதைக் கண்டறிந்த சுசுமு தோனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். கிருமி ஒன்று உள்ளே வரும்போது அதற்குப் பொருந்தும் ஒரு சில அணுக்கள் மட்டும் பெருகுகின்றன. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது இந்தப் பெருக்கம் நடக்கும் இடத்தில்தான். நோய் தீர்ந்தபின் அவற்றுள் சில நினைவணுக்களாகத் தங்கிவிடுகின்றன. சின்னம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அரிது என்பதற்கும், 1796-இல் எட்வர்ட் ஜென்னர் தொடங்கிவைத்த தடுப்பு முறை பெரியம்மையை 1980-க்குள் உலகத்திலிருந்தே ஒழித்ததற்கும் அடிப்படை இந்த நினைவுதான். லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு மட்டுமே எந்நேரமும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடற்சுவரிலும் இருக்கின்றன. கையில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அவை தென்படுவதில்லை. தோல், இரைப்பை அமிலம், மூச்சுக்குழலின் சளிப்படலம், கண்ணீரில் உள்ள, பாக்டீரியாவைச் சிதைக்கும் லைசோசைம் ஆகிய முதல் தடுப்புகளும் இந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கோ அழற்சி இருக்கும்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் புரதம். காய்ச்சல் உள்ளவருக்கு அது பயனுள்ள பரிசோதனை. நலமாக நடமாடுகிறவருக்கு எடுத்துப் பார்த்து எதிர்ப்பு சக்தியைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வைட்டமின் டி குறைவாக இருந்தது. கடைக்குள்ளேயே பகலைக் கழிப்பவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

இனி அந்த மதிப்பெண். எனக்கு 72 கிடைத்தது. 'மிதமானது, மேம்படுத்த வேண்டும்' என்று மஞ்சள் வட்டத்துக்குள் அச்சிட்டிருந்தார்கள். எந்தக் கணக்கில் 72 வந்தது என்று தொலைபேசியில் கேட்டேன். "அது சிஸ்டமே போட்டுடும் சார், நாங்க போடறதில்ல" என்றார் அந்தப் பெண், மிகவும் பணிவாகவே. அடுத்த பக்கத்தில், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரைக்கு இருபது விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு இருந்தது; மாத்திரையின் முதன்மைச் சரக்கு மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின். மஞ்சளை விற்றுச் சாப்பிடுகிறவனிடமே அதை விற்க வந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு; ஆனாலும் வாங்கவில்லை.

இந்த மதிப்பெண்ணின் அடிப்படைத் தவறு, கூடக்கூட நல்லது என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. முடக்குவாத மூட்டழற்சியில் மூட்டுகளைக் கெடுப்பதும், முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதும் இதே எதிர்ப்பு சக்திதான். அது எல்லை மீறாமல் அடக்கி வைக்கவென்றே, லிம்போசைட்டுகளில் ஒரு வகையான ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்காக மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மழை முடிந்ததும் நம் தெருக்களில் பரவும் டெங்குவையே எடுத்துக்கொள்ளலாம். அதில் நான்கு வகை வைரஸ்கள் உள்ளன. ஒரு வகையால் உண்டான ஆன்டிபாடி, பின்னாளில் வேறு வகை தாக்கும்போது அதைத் தடுப்பதற்குப் பதிலாக அணுக்களுக்குள் நுழைய உதவிவிடக்கூடும் என்பதால், இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாகிறது. அத்தகையவருக்கு ஆன்டிபாடி நிறைய இருப்பதை எத்தனை மதிப்பெண்ணாக இந்த மென்பொருள் போடும்?

விட்டுப்போனதும் ஒன்று உண்டு, அதுதான் எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது. இந்தத் தொகுப்பில் சர்க்கரைப் பரிசோதனை இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, நியூட்ரோஃபில்கள் கிருமியிடம் போய்ச் சேர்வதையும் அதை விழுங்கிக் கொல்வதையும் மந்தமாக்குகிறது. கால் புண் ஆறாமல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காசநோய்க் கிருமி நுழைந்தவர்களில் பெரும்பாலோர் நோயாளி ஆவதில்லை, ஏனென்றால் நுரையீரலில் உள்ள, கிருமியை விழுங்கும் அணுக்களான மாக்ரோஃபேஜ்களும் டி அணுக்களும் அதைச் சூழ்ந்து அடைத்து வைத்துவிடுகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அடைப்பு தளர்ந்து காசநோய் வெளிப்படும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் ஊரில் நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் எதிர்ப்பு சக்தியைப் பற்றி ஒரே ஒரு பரிசோதனையில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யைத்தான் நான் கேட்பேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை அளவை வீட்டுக்கே வந்து கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். 2,499 ரூபாய்த் தொகுப்பில் அதற்கு இடமில்லை. தடுப்பூசிகளைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள், புகைப்பீர்களா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா என்ற விவரங்கள், மேலே சொன்ன பல எண்களைவிட மருத்துவருக்கு அதிகம் உதவும்.

இதே நிலையத்துக்கு மறுபடியும் போவேன், ஆனால் தொகுப்புக்காக அன்று. முகப்பில் இருப்பவர் முதலில் பேக்கேஜ் அட்டையைத்தான் நீட்டுவார். தனித்தனிப் பரிசோதனைக்கான விலைப் பட்டியல் வேண்டும் என்று கேட்டால் அதையும் எடுத்துத் தருகிறார்கள். அணுக்களின் முழு எண்ணிக்கை, எச்.பி.ஏ.1.சி. இரண்டையும் சேர்த்தால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், இரண்டுக்குமே வெறும் வயிறு தேவையில்லை. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுத்தால் வெள்ளணுக்கள் மாறியிருக்கும் என்பதால், அன்றைய உடல்நிலையை அறிக்கையின் மேலேயே எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மூடிவிடுகிறார்கள்.