நாங்கள் திறந்த பக்கத்தில் நிறுவனம் செருகிய இரண்டு வரி: ஒரு பிராட்பேண்ட் அனுபவம்

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2016இல் அவருக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். அதில் அவர் அதிகம் திறந்தவை மதுரைத் திட்டத்தின் பக்கங்கள். 1998 பொங்கலில் தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யாரிடமும் காசு வாங்காமல் இணையத்தில் வைத்திருக்கும் பழந்தமிழ் நூல்கள் அவை. அந்தப் பக்கங்களில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது.

ஒரு நாள் மாலை, பாட்டை மேலே நகர்த்துவதற்காக அவர் திரையைத் தொட்டார். உடனே வேறொரு பக்கம் திறந்து, கருவியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியது. டேப்லெட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "நான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, தம்பி" என்றார்.

அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. அது எனக்குத் தெரிய ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதமும் அவர் டேப்லெட்டைத் தொடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இணைப்பைப் பற்றி எழுதும்போது வேகத்தையும் கட்டணத்தையும் விட எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் 2015 முதல் 2019 வரை அந்த பிராட்பேண்ட் இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுபடும். லைன்மேன் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி வேகம் போதுமானதாகவே இருந்தது.

முதலில் நானும் எல்லோரையும் போல டேப்லெட்டைத்தான் சந்தேகித்தேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். பிரவுசரை மாற்றினேன். ஒரு வாரம் கழித்து அதே விளம்பரம் என் மடிக்கணினியிலும் வந்தது. ஆனால் கைபேசியின் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தால் வரவில்லை. அப்போதுதான் சந்தேகம் வீட்டுக்கு வெளியே போனது. கண்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்தினால் பக்கத்தின் மூல நிரல் தெரியும். விளம்பரம் வந்த பக்கத்தின் நிரலையும், கைபேசி டேட்டாவில் வந்த பக்கத்தின் நிரலையும் சேமித்து அருகருகே வைத்துப் பார்த்தேன். எல்லா வரியும் ஒன்றுதான். தலைப்பகுதி முடியும் இடத்தில் மட்டும் இரண்டு வரி கூடுதல். எங்கிருந்தோ ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை, அதாவது பக்கத்துக்குள் ஓடும் ஒரு நிரலை, அழைக்கும் வரிகள். அந்த 'எங்கிருந்தோ'வுக்குத் தளப்பெயர்கூட இல்லை. வெறும் எண் முகவரி.

நாளிதழுக்குள் துணிக்கடை நோட்டீஸ் வைத்துப் போடுவது நமக்குப் பழக்கம்தான். உதறினால் விழுந்துவிடும், அது நாளிதழ் அச்சிட்டதல்ல என்று குழந்தைக்கும் தெரியும். இது அப்படியல்ல. எச்.டி.டி.பி. என்ற பழைய முறையில் வரும் பக்கத்துக்கு மறையாக்கம், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் ஏற்பாடு, கிடையாது. சர்வரிலிருந்து வீடுவரை அது திறந்தபடியே பயணப்படுகிறது. நடுவில் உள்ள நிறுவனத்தின் கருவி அதைப் படிக்கலாம், மாற்றலாம், சேர்க்கலாம். வந்து சேரும் பக்கத்தில் எது தளத்துக்காரர் எழுதியது, எது வழியில் செருகியது என்று பிரவுசருக்கே தெரியாது. அப்பாவுக்கு எப்படித் தெரியும்? காசு வாங்காமல் தமிழுக்கு உழைத்தவர்களின் பக்கத்தில், அவர்களே போட்டதுபோல ஒரு மோசடி விளம்பரம் நின்றது. மாத வரம்புக்கு உட்பட்ட எங்கள் டேட்டாவில்தான் அதுவும் இறங்கியது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோதெல்லாம் ஒரே பதில்: "சார், உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, ஃபார்மேட் செய்யுங்கள்." லைன்மேன் நல்ல மனிதர். உட்கார்ந்து பொறுமையாக மூன்று முறை பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் வராது. ஒரு முறை காட்டிவிட்டு நீண்ட நேரம் ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் புகார் சொல்பவர் பொய் சொல்பவர்போல ஆகிவிடுகிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. இரண்டுக்கும் நிரலின் படத்தோடு எழுதினேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. இரண்டு வாரம் அமைதி. பிறகு மீண்டும் தொடங்கியது.

2017இல் அக்கா மகளின் பிளஸ் டூ முடிவு வந்த காலையை மறக்க முடியாது. முடிவுகளுக்கான தளம் அன்று மறையாக்கம் இல்லாமல் இருந்தது. பதிவு எண், பிறந்த தேதி இரண்டையும் உள்ளிட்டுப் பொத்தானைத் தொட்டாள்; திறந்தது சூதாட்டப் பக்கம். அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கைபேசியில் பார்த்துச் சொன்னேன். நல்ல மதிப்பெண்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் மதிப்பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளிட்ட எண்ணும் தேதியும் அதே திறந்த வழியில்தானே போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வரி சேர்க்க முடிந்தவர்களுக்கு அதைப் படிக்கவும் முடியும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் காம்காஸ்ட் தன் பொது வைஃபை வழியாக வரும் பக்கங்களில் தன் விளம்பரங்களைச் செருகியது 2014இல் வெளியே வந்தது. 2015 ஜூனில் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு நிரலாளர், ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது தான் எழுதாத நிரல் அதில் இருப்பதைக் கண்டார். அதை, நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் எடுத்து வைத்தார். அந்த நிரலுக்குச் சொந்தமான இஸ்ரேல் நிறுவனமான ஃபிளாஷ் நெட்வொர்க்ஸின் வழக்கறிஞர்களிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா பயன்படுத்துகிறார் என்று காட்டும் சோதனை அது என்றது ஏர்டெல். அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். டேட்டா அளவைச் சொல்லக் குறுஞ்செய்தி இருக்கிறது. அதற்காக ஒருவர் எழுதிய பக்கத்துக்குள் இன்னொருவர் கை நுழையக் கூடாது. பில் கட்டச் சொல்லும் அறிவிப்பை இப்படிச் செருகுவதையும் நான் ஏற்கமாட்டேன்.

பரிகாரம் என்று நினைத்து நான் செய்த தவறு, டி.என்.எஸ்.ஸை மாற்றியது. மோடத்தில் வேறு எண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்; மூன்றாம் நாள் விளம்பரம் வந்தது. டி.என்.எஸ். என்பது தளத்தின் முகவரியைத் தேடித் தருவது மட்டுமே. பக்கம் அதே கம்பி வழியாகத்தான் வருகிறது. விளம்பரத் தடுப்பான் ஓரளவு உதவியது, ஆனால் எண் முகவரி மாறும்போதெல்லாம் கோட்டை விட்டது. உண்மையில் நோயைத் தீர்த்தது, பக்கத்தை மறையாக்கம் செய்து அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். முறை மட்டுமே. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, ஒரு தளம் அந்த முறைக்கு மாறத் தேவையான சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2018 ஜூலையில் குரோம், மறையாக்கம் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தளமாக மாற மாற, எங்கள் வீட்டில் விளம்பரம் குறைந்துகொண்டே வந்தது. நிறுவனம் திருந்தியதால் அல்ல; கை நுழைய இடம் இல்லாமல் போனதால்.

2019இல் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். இங்கே பக்கத்துக்குள் எதுவும் செருகவில்லை. ஆனால் முகவரியில் ஓர் எழுத்து தவறினால், 'அப்படி ஒரு தளம் இல்லை' என்பதற்குப் பதில் நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் வந்தது. டி.என்.எஸ்.ஸை மாற்றுவது இதற்குத்தான் மருந்து. மோடத்தில் 1.1.1.1 என்ற வேறொரு நிறுவனத்தின் டி.என்.எஸ். எண்ணைப் போட்டேன். ஆண்ட்ராய்டு 9 முதல் கைபேசியிலேயே தனிப்பட்ட டி.என்.எஸ். அமைப்பு இருக்கிறது, அது முகவரி தேடும் கேள்வியையே மறையாக்கம் செய்து அனுப்புகிறது. பின்னாளில் அப்பாவின் டேப்லெட்டில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை நிறுவி, எச்.டி.டி.பி.எஸ். மட்டும் என்ற அமைப்பை இயக்கி வைத்தேன். மறையாக்கம் இல்லாத தளம் என்றால் அது நிறுத்தி எச்சரித்துவிட்டுத்தான் திறக்கும்.

புதிய இணைப்பு வாங்குவதற்கு முன் நான் செய்தது இது. நாங்கள் வாங்கவிருந்த ஃபைபர் நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்த எதிர் வீட்டில் மடிக்கணினியோடு போய் உட்கார்ந்தேன். நெவர்எஸ்எஸ்எல் என்று ஒரு தளம் இருக்கிறது. வேண்டுமென்றே மறையாக்கம் இல்லாமல் வைத்திருப்பார்கள். அதைக் காலையில் சில முறை, மாலையில் சில முறை திறந்து நிரலைச் சேமித்து, கைபேசி டேட்டாவில் வந்ததோடு ஒப்பிட்டேன். ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். எங்கள் லைன்மேனுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

மாதம் ஒரு முறை இதை இப்போதும் செய்து பார்க்கிறேன். சென்ற வாரமும் கூடுதல் வரி எதுவும் இல்லை. அப்பா இப்போது என்னைக் கூப்பிடாமலே டேப்லெட்டைத் திறக்கிறார். எப்போதாவது எச்சரிக்கை வந்தால் மட்டும் கொண்டுவந்து காட்டுகிறார்: "இது அவர்கள் வேலைதானே?"