இசட் டிரைவும் சிவப்புப் பெருக்கல் குறியும்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் இரண்டு வன்தட்டுகள் கொண்ட ஒரு நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு நெட்வொர்க் வழியே எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டியை, வாங்கினேன். என் அலுவலகக் கோப்புகள், மனைவியின் தமிழ்த் துணைப்பாட வகுப்புப் பயிற்சித்தாள்கள், மகனின் பள்ளி ஒப்படைப்புகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும், மூன்று கணினிகளிலும் அது இசட் டிரைவாகத் தெரிய வேண்டும் என்பதே திட்டம். நெட்வொர்க்கில் உள்ள கோப்புறைக்கு இப்படி ஓர் எழுத்தைக் கொடுத்து இணைப்பதுதான் டிரைவ் மேப்பிங்; விண்டோஸில் அதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். அது ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு முறையும் ஒரு மாலைப் பொழுது போனது.

முதலில் வந்தது சிவப்புப் பெருக்கல் குறி. காலையில் மடிக்கணினியைத் திறந்தால், எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் மீண்டும் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு மூலையில் நிற்கும். ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதே இசட் டிரைவை இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொள்ளும். இதை அறியாத மனைவி, வேர்டின் அண்மைக் கோப்புப் பட்டியலிலிருந்து பயிற்சித்தாளைத் திறக்க முயன்று, கோப்பு இல்லை என்ற செய்தியைப் பார்த்து, அத்தனையும் அழிந்துவிட்டதாக ஒருநாள் பதறிப்போனார்.

காரணம் எளிது. நாம் உள்நுழைந்தவுடன் விண்டோஸ் டிரைவை இணைக்க முயல்கிறது. வைஃபை அதற்குச் சில விநாடிகள் பிந்தி வருகிறது. செங்காங்கில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரவுட்டரும் நாஸும் வீட்டுப் பாதுகாப்பறைக்குள் இருந்தன. வலுவூட்டிய கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட அந்த அறையில் கதவைச் சாத்திவிட்டு வைஃபை நன்றாக வர வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தவறு. ரவுட்டரை வரவேற்பறைக்கு மாற்றினேன். மடிக்கணினியில், குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக, உள்நுழைந்து 30 விநாடி கழித்து, டிரைவை இணைக்கும் நெட் யூஸ் கட்டளை ஓடுமாறு அமைத்தேன்.

அப்போதும் இசட் வரவில்லை. அந்தப் பணியை அமைக்கும்போது, உயர்ந்த அதிகாரத்துடன் ஓடட்டும் என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தேன். விண்டோஸ், நிர்வாகி அதிகாரத்துடன் ஓடும் நிரல்களுக்கும் சாதாரணமாக ஓடுபவற்றுக்கும் மேப் செய்த டிரைவ்களைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஒன்றில் இணைத்தது மற்றதன் கண்ணுக்குப் படாது. குறியை எடுத்ததும் டிரைவ் வந்தது. நிர்வாகியாக ஓடும் என் காப்புநகல் நிரலுக்கு இசட் தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் வழி உண்டு என்றாலும், அதைத் தொடாமல், இசட் என்ற எழுத்துக்குப் பதிலாக இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையை நிரலில் கொடுத்துவிட்டேன்.

கணினியை அணைத்து அணைத்துப் போடுவதைவிட, கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் என்று தட்டி வரும் பிழை எண்ணைப் படிப்பது மேல் என்று எனக்குப் புரியவே ஓராண்டு ஆயிற்று. 53 என்றால் பாதை கிடைக்கவில்லை. நாஸ், நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்ணான ஐபி முகவரியில் திறந்து, பெயரில் திறக்காவிட்டால் கோளாறு பெயரைக் கண்டறிவதில் இருக்கிறது. எங்களுக்கு நேர்ந்தது நேர்மாறு: நான் ஐபி முகவரியில் மேப் செய்திருந்தேன், ரவுட்டர் நின்று எழுந்தபோது நாஸுக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. ரவுட்டரில் அந்த முகவரியை நாஸுக்கென ஒதுக்கியபின் அந்தத் தொல்லை இல்லை. 85 என்றால் அந்த எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது 1219 என்ற பிழை எண். மகன் என் கணினியில் தன் பெயரில் நாஸைத் திறந்து பார்த்திருந்தான். பிறகு நான் என் பெயரில் மேப் செய்யப் போனால் விண்டோஸ் மறுத்தது. ஒரே சர்வருக்கு (இங்கே நாஸுக்கு) ஒரே அமர்வில் இரண்டு பயனர் பெயர்களை அது ஏற்பதில்லை. இருக்கும் இணைப்புகளை நெட் யூஸ் வழியே துண்டித்து, விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்த பழைய கடவுச்சொல்லையும் நீக்கியபின் சரியானது. இரண்டு பெயர்களும் வேண்டுமென்றால், ஒன்றைச் சர்வர் பெயரிலும் மற்றொன்றை ஐபி முகவரியிலும் இணைக்கலாம். விண்டோஸ் அவற்றை வெவ்வேறு சர்வர்களாகவே எண்ணிக்கொள்ளும்.

பழைய ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் செருகிய வன்தட்டு ஒன்றும் இருந்தது. அது, கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பிணைத்தொகை கேட்கும் தீநிரல் பரவியது அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. திரும்ப இயக்கிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் வன்தட்டைக் கழற்றி, கோப்புகளை நாஸுக்கு மாற்றினேன். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பையும் மறுக்கத் தொடங்கியதால், நாஸில் நால்வருக்கும் பொதுவாக வைத்திருந்த படக் கோப்புறைக்கும் தனிப் பயனர் பெயர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. என் அம்மாவுக்கும் ஒன்று.

இப்போது பிழை வருவது அரிது. வந்தாலும், "என்னங்க, அம்பத்து மூணு" என்று மனைவி அறையிலிருந்தே எண்ணைச் சொல்லிவிடுகிறார். நான் நாஸின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பாதுகாப்பறைக்குப் போகிறேன்.