2009 டிராஃப்டின் பாயிண்ட் கார்டுகள்: கொடுத்த விலைக்குத் தேறியவர்கள் யார்?

2009 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் மட்டும் ஏறக்குறைய ஒரு டஜன் பாயிண்ட் கார்டுகள் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) போனார்கள். 17ஆம் இடத்திலிருந்து 21ஆம் இடம் வரை ஜ்ரூ ஹாலிடே, டை லாசன், ஜெஃப் டீக், எரிக் மேனர், டேரன் காலிசன் என்று வரிசையாக ஐந்து பேருமே பாயிண்ட் கார்டுகள்தான். ஒரு பாயிண்ட் கார்டை எப்படி எடைபோட வேண்டும், எங்கே அந்த எடை தப்பும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தொகுதி கிடையாது.

தேர்வு எண்தான் விலை. முதல் சுற்று வீரருக்கு அந்த எண்ணுக்கென்று வகுத்த சம்பளம், இரண்டு ஆண்டு உறுதி, அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளை நீட்டிக்கும் உரிமை அணிக்கு. இரண்டாம் சுற்றில் அந்த உறுதி இல்லை. ஆக, முதல் சுற்று வீரரை எடைபோட அணிக்குக் கையில் இருப்பது நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் இந்தத் தொகுதி ஏமாற்றிவிடும். 4ஆம் இடத்தில் சாக்ரமென்டோ எடுத்த டைரீக் எவன்ஸ் முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு 20.1 புள்ளி, 5.3 ரீபவுண்டு (தவறிய எறிதலைப் பிடிப்பது), 5.8 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்) எடுத்துச் சிறந்த புதுமுகம் ஆனார். 10ஆம் இடத்து பிராண்டன் ஜென்னிங்ஸ் நவம்பர் 14 அன்று ஒரே ஆட்டத்தில் 55 புள்ளி அடித்தார். இருவருக்கும் தூரத்து எறிதலும் எறியும் முடிவும் நிலைக்கவில்லை. அந்தச் சீசனில் எவன்ஸின் மூன்று புள்ளி எறிதலில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. ஜென்னிங்ஸின் மொத்த எறிதல் 37 சதவீதம்.

முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது அசிஸ்ட் எண்ணிக்கை. பாஸ் கொடுப்பது இவர், கூடைக்குள் போடுவது இன்னொருவர். ஆட்ட வேகம், பயிற்சியாளரின் திட்டம், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதெல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஹாலிடே யு.சி.எல்.ஏ. கல்லூரி அணியில் ஒரே ஒரு சீசன் ஆடினார்: 8.5 புள்ளி, 3.7 அசிஸ்ட். பந்து பெரும்பாலும் சீனியரான காலிசன் கையில். பயிற்சியாளர் பென் ஹவ்லண்டின் ஆட்டமோ மெதுவானது. எண்ணைப் பார்த்தவர்கள் இறக்கிவிட்டார்கள், 17ஆம் இடத்தில் பிலடெல்பியாவுக்குக் கிடைத்தார். அதே காலிசன் பக்கத்தில் அதே மாதிரி ஆடிய ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை முந்தைய ஆண்டு 4ஆம் இடத்தில் எடுத்திருந்தார்கள், அவர் முதல் ஆண்டிலேயே தன்னை நிரூபித்தும் இருந்தார். பாடம் கண்ணெதிரே இருந்தும் பல அணிகள் படிக்கவில்லை. ஹாலிடேயிடம் அப்போதே பார்த்திருக்க வேண்டியவை: வயது 19, விரித்த கை 6 அடி 7 அங்குலம், எதிரியின் பந்துக்காரர் முன்னால் இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் விதம். இவை மூன்றும் பயிற்சியாளரின் திட்டம் மாறினாலும் மாறாதவை. 2021இல் மில்வாக்கியோடும் 2024இல் பாஸ்டனோடும் கோப்பை வென்றார். இந்தத் தொகுதியில் விலைக்கு மிஞ்சிய பயன் என்றால் என் கணக்கில் முதலில் இவர்தான்.

அடுத்து மினசோட்டா. டிராஃப்டுக்கு இரண்டு நாள் முன்பு மைக் மில்லரையும் ரேண்டி ஃபோயையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து 5ஆம் இடத்தை வாங்கினார்கள். 5இல் ரிக்கி ரூபியோ, 6இல் ஜானி ஃபிளின், 18இல் லாசன் என்று மூன்று பாயிண்ட் கார்டுகள். லாசனை உடனே டென்வருக்கு அனுப்பிவிட்டார்கள். 7ஆம் இடத்தில் ஸ்டீஃபன் கரி கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார்.

ஃபிளின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தவறு நடந்தது அவர் திறமையில் அல்ல, அவரைப் பார்த்த விதத்தில். 2009 மார்ச்சில் சிரக்யூஸ் கல்லூரிக்காக, யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியோடு ஆறு ஓவர்டைம் (கூடுதல் நேரம்) போன ஆட்டத்தில் 67 நிமிடம் ஆடி 34 புள்ளி, 11 அசிஸ்ட் எடுத்தார். நெஞ்சுறுதிக்குச் சான்று, சந்தேகமில்லை. ஆனால் சிரக்யூஸ் அன்று ஆடியது 2-3 ஸோன் டிஃபென்ஸ்: முன்னால் இருவர், பின்னால் மூவர். முன்வரிசையில் நிற்கும் இரண்டு கார்டுகளும் ஆளைக் காப்பதில்லை, இடத்தைக் காக்கிறார்கள். என்.பி.ஏ.வில் தற்காப்பு மூன்று விநாடி விதி (தன் ஆளைக் காக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது) இருப்பதால் உயரமான ஆளைக் கூடைக்கடியில் நிரந்தரமாக நிறுத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு பிக் அண்ட் ரோலிலும் (எதிரணி வீரர் ஒருவர் காவலரின் வழியை மறித்து நின்று, பிறகு கூடையை நோக்கி ஓடும் ஆட்டம்) கார்டு ஸ்கிரீனின், அதாவது அந்த மறிப்பின், மேல்பக்கமாக நுழைந்து தன் ஆளைத் துரத்தியாக வேண்டும். ஆறடி உயரக்காரர் அதைச் செய்வாரா என்று சிரக்யூஸ் வீடியோவில் தேடினால் விடை கிடைக்காது. தனியாக ஒர்க்அவுட் வைத்து, மூன்றுக்கு மூன்று ஆடவிட்டு, தொடர்ந்து இருபது ஸ்கிரீனுக்குள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, மினசோட்டாவின் பயிற்சியாளர் கர்ட் ராம்பிஸ் அங்கே கொண்டுவந்தது டிரையாங்கிள் ஆட்டம், வீரர்கள் முக்கோணமாக நின்று பந்தைக் கைமாற்றுவது. பந்தைக் கையில் வைத்துத் திறக்கும் கார்டுக்கு அதில் வேலை குறைவு. முதல் ஆண்டு 13.5 புள்ளி எடுத்தார். 2010இல் இடுப்பு அறுவை சிகிச்சை, 2012க்குப் பிறகு என்.பி.ஏ.வில் இல்லை.

கரியின் பேரில் அன்று இருந்த குறைகள் பொய்யல்ல. உடல் ஒல்லி, காலணி இல்லாமல் 6 அடி 2 அங்குலம், டேவிட்சன் சின்னக் கல்லூரி, பாயிண்ட் கார்டாக ஆடியது கடைசி ஒரு சீசன் மட்டும். அதிலும் 5.6 அசிஸ்டுக்கு 3.7 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). ஆனால் டர்ன்ஓவரை மொத்தமாக எண்ணக் கூடாது, மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ட்ரிபிளில் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும்போது) பறிகொடுத்தவை, தப்பிப்போன பாஸ்கள், டிராவல் (பந்தைத் தட்டாமல் நடப்பது) மற்றும் அஃபென்ஸிவ் ஃபவுல் (பந்து வைத்திருக்கும் அணி செய்யும் தவறு). முதல் வகை அதிகம் என்றால் ஆபத்து, மேலே போகப்போக அது கூடும். இரண்டாம் வகை, அதுவும் இருவர் சூழ்ந்து நிற்கும்போது துணிந்து போட்ட பாஸ் என்றால், நல்ல சக வீரர்கள் வந்ததும் குறையும்.

கரியின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆட்டம் போதும். 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணி இரண்டு பேரை ஆட்டம் முழுக்க அவரோடு ஒட்டவிட்டது. கரி முரண்டு பிடிக்கவில்லை. மூலையில் போய் நின்றுகொண்டார். மற்ற நால்வரும் மூவரை எதிர்த்து ஆடினார்கள். கரிக்கு 0 புள்ளி, டேவிட்சன் 78-48 என்று வென்றது. ஸ்கோர்ஷீட்டில் இது அவருடைய மிக மோசமான ஆட்டம். பாயிண்ட் கார்டின் அறிவுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

எறிதலில் சதவீதத்தைவிட எறிந்த விதம் முக்கியம். அந்த ஆண்டு கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலம், என்.பி.ஏ. கோடு 23 அடி 9 அங்குலம். லாசன் மூன்று புள்ளி எறிதலில் 47 சதவீதம், கரி 38.7. காகிதத்தில் லாசன் மேல். ஆனால் லாசன் எறிந்தது ஆட்டத்துக்கு ஏறக்குறைய 3, பெரும்பாலும் ஆளில்லாமல் நின்று. கரி எறிந்தது ஏறக்குறைய 10, பல முறை ட்ரிபிளிலிருந்தே எழுந்து, காவலரின் கை முகத்துக்கு நேரே இருக்கும்போது.

சந்தேகம் வந்தால் ஃப்ரீ த்ரோவைப் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிதல்) பாருங்கள். அங்கே காவலும் இல்லை, சக வீரரும் இல்லை, கை மட்டும்தான். 100 முயற்சிக்கு மேல் இருந்து 80 சதவீதம் தாண்டினால் நம்பலாம், 70க்குக் கீழே என்றால் மூன்று புள்ளிச் சதவீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப வேண்டாம். கரி 87.6. பின்னால் வந்த 2017 டிராஃப்டில் முதல் இரண்டு இடமும் பாயிண்ட் கார்டுகள்: மார்கெல் ஃபுல்ட்ஸ், லோன்ஸோ பால். கல்லூரியில் இருவருக்கும் மூன்று புள்ளி 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65, 67. இருவருமே என்.பி.ஏ.வில் எறிதலோடு மல்லுக்கட்டினார்கள். ஃபுல்ட்ஸுக்குத் தோள் சிக்கலும் சேர்ந்துகொண்டது.

ஆனால் இந்த அளவுகோல் ரூபியோவிடம் தப்புகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 14 வயதில் ஸ்பெயினின் முதல்தர லீக்கில் இறங்கியவர், 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக ஆடியவர். பாஸ் என்றால் இந்தத் தொகுதியிலேயே அவருக்கு இணை இல்லை. ஃப்ரீ த்ரோவும் 80 சதவீதம். இருந்தும் என்.பி.ஏ. முதல் சீசனில் மொத்த எறிதல் 35.7 சதவீதம்தான். காரணம் கூடையருகில் முடிக்கும் திறன் குறைவு, ட்ரிபிளிலிருந்து எழுந்து எறிவது மெதுவு. எதிரணி ஸ்கிரீனின் கீழ்ப்பக்கமாகப் போய்க் காத்து நிற்கும், அவருக்குப் பிடித்த பாஸ் வழிகளெல்லாம் அடைபடும். அதனால் ஃப்ரீ த்ரோவோடு லேஅப்பையும் (கூடையருகில் ஓடிவந்து போடுவது) சேர்த்துப் பாருங்கள்: இடது கையால் முடிக்கிறாரா, உயரமானவர் எதிரே வந்தால் ஃப்ளோட்டர் (அவர் கைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போடும் எறிதல்) இருக்கிறதா. ரூபியோவுக்காக மினசோட்டா 2011 வரை காத்திருந்தது. அந்த இரண்டு ஆண்டும் விலையில் சேரும்.

வீடியோவுக்கு ஐந்து ஆட்டம் போதும்: பலமான அணிகளோடு இரண்டு, வெளியூரில் ஒன்று, தோற்றது ஒன்று, சீசன் தொடக்கத்தில் ஒன்று. தொகுத்த ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் தவறவிட்ட பாஸ் வராது. காவலர் பின்வாங்கி நிற்கும்போது, மேலேறி வரும்போது, ஆளை மாற்றிக்கொள்ளும்போது என்று மூன்று நிலைகளிலும் என்ன செய்கிறார் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இடங்களில்தான் இந்தத் தொகுதி இன்னும் இனிக்கிறது. 21இல் நியூ ஆர்லியன்ஸ் எடுத்த காலிசன், கிறிஸ் பால் காயத்தில் விழுந்ததும் முதல் ஆண்டிலேயே அணியை நடத்தினார். நான்கு ஆண்டு கல்லூரி ஆடியவர் என்று மற்றவர்கள் குறையாகச் சொன்னது அங்கே ஆயத்தமாக நின்றது. 42இல் போன பேட்ரிக் பெவர்லி உக்ரைன், கிரீஸ் என்று சுற்றி 2013இல்தான் என்.பி.ஏ. களத்தில் இறங்கினார், டிஃபென்ஸை மட்டும் வைத்து. 55இல் போர்ட்லண்ட் எடுத்த பேட்டி மில்ஸ் 2014இல் ஸ்பர்ஸ் அணியோடு கோப்பையைத் தூக்கினார்.